ஆடும் உடலுக்கு யார் பொறுப்பு? தில்லி நடன உலகில் உணவும் நலமும்

1995ஆம் ஆண்டு தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் எஸ்.கே. கண்டேல்வால், பிரதாப் சரண், சேகர் சக்சேனா ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தங்களிடம் சிகிச்சைக்கு வந்த ஐந்து இளம்பெண்களைப் பற்றி அதில் எழுதியிருந்தார்கள். ஐவரும் சாப்பிட மறுத்தவர்கள். வாந்தி ஓயவில்லை. உடல் மெலிந்து, மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. ஆனால் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற நோய்க்கு மேலைநாட்டுப் பாடநூல்கள் முதன்மையாகச் சொல்லும் அடையாளம் இவர்களிடம் காணப்படவில்லை. ஒட்டிய உடம்போடு இருந்துகொண்டே ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்று இவர்கள் நம்பவில்லை. எடையைக் கரைக்க உடலை ஓயாமல் வருத்தவும் இல்லை.

அந்தக் கட்டுரை நடனத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் நடனம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. உணவு சார்ந்த மனநோய் நம் வீடுகளுக்குள் வேறு வேடத்தில் வருகிறது. வயிற்று உபாதையாக வரும். ‘பசியே இல்லை’ என்ற பேச்சாக வரும். வாரத்தில் ஒரு நாள் இருந்த விரதம் மூன்று நாளாகப் பெருகி வரும். அந்தக் கட்டுரைக்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1989இல், மைக்கேல் கிங், தினேஷ் புக்ரா இருவரும் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேலைநாட்டு வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. விரதம் போன்ற வழக்கங்களை மனத்தில் வைத்து மாணவிகள் பதில் எழுதியதால், நோயில்லாத பலரும் நோய்க்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். 1990களில் சென்னையில் டி.என். சீனிவாசன் குழுவினர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தார்கள். முழு நோயாக முற்றாவிட்டாலும், சாப்பாட்டையும் எடையையும் பற்றிய வேதனையோடு ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இருந்ததைக் கண்டார்கள்.

ஆக, இங்கே நோய் உண்டு. அதைக் கண்டுகொள்ளும் பழக்கம்தான் குறைவு. உடலையே கருவியாகக் கொண்ட நடனக் கலைஞர்களிடம் இந்தக் குறை இன்னும் ஆபத்தானது. நடனக் கலைஞரின் உணவு அவருடைய தனிப்பட்ட மனவுறுதி பற்றிய விஷயம் அல்ல. குரு, குடும்பம், சபை, அரசு ஆகிய நால்வரும் சேர்ந்து ஏற்க வேண்டிய பொறுப்பு. இந்தியாவில் அந்தப் பொறுப்பை முதலில் ஏற்கும் வசதியும் கடமையும் உள்ள ஊர் தில்லி.

மண்டி ஹவுஸைச் சுற்றி

மண்டி ஹவுஸ் வட்டத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இந்திய நடனத்தின் ஆட்சிமன்றங்கள் பலவும் இருக்கின்றன. 1953 ஜனவரியில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்த சங்கீத நாடக அகாதெமி அங்கே ரவீந்திர பவனில் இயங்குகிறது. சுமித்ரா சரத் ராம் உருவாக்கிய ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரா, உதயசங்கரின் அல்மோரா மையத்தில் பயின்ற சுந்தரி ஸ்ரீதராணி 1950இல் தொடங்கிய திரிவேணி கலா சங்கம், கமானி அரங்கம் எல்லாம் பக்கம் பக்கமாக உள்ளன. அகாதெமியின் அங்கமான கதக் கேந்திரா 1964 முதல் செயல்படுகிறது. வெளிநாடுகளுக்குக் கலைஞர்களை அனுப்பும் இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றத்தின் தலைமையகமும் இதே நகரில்தான்.

இந்த நடன உலகில் தமிழர் பங்கு பெரிது. மத்திய அரசு வேலைக்கு வந்து கரோல் பாகிலும் ஆர்.கே.புரத்திலும் குடியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பரதம் கற்கிறார்கள். கலாக்ஷேத்திராவில் பயின்ற யாமினி கிருஷ்ணமூர்த்தி தில்லியைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2024 ஆகஸ்டில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். குன்னூரில் பிறந்த லீலா சாம்சன் பல ஆண்டுகள் அங்கே கற்பித்தார். கீதா சந்திரன் 1991இல் ‘நாட்டிய விருட்சம்’ பள்ளியைத் தொடங்கினார்.

சரோஜா வைத்தியநாதனின் வாழ்க்கையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பீகாரில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரியை மணந்த பிறகு, மேடையில் ஆடுவது பற்றி ஊரார் பேசிய பேச்சால் அவர் பொது நிகழ்ச்சிகளை நிறுத்தினார். வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். கணவருக்கு மாற்றலாகி 1972இல் தில்லி வந்த பிறகு, 1974இல் கணேச நாட்டியாலயாவை நிறுவினார். நண்பர்களும் நலம் விரும்பிகளும் பணம் தந்து உதவ, 1988இல் குதுப் வளாகப் பகுதியில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. ஒரு பெண்ணின் ஆட்டத்தை நிறுத்தியது ஊரார் பேச்சு. மறுபடி நிலைநிறுத்தியது நண்பர் கூட்டம். நடனக் கலைஞரின் நலத்தில் சமூகத்தின் பங்கு இரண்டு திசையிலும் எவ்வளவு வலியது என்பதற்கு இது சான்று.

கண்ணாடியும் தையலும்

மெலிந்த உடலே நடன உடல் என்பது நம் மரபின் சட்டம் அல்ல. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஆடுபவளுக்கான இலக்கணத்தைக் கறாராகவே சொல்கிறது. அழகின் பெயரால் பலரை விலக்கவும் செய்கிறது. ஆனால் அந்த விலக்குப் பட்டியலில் மிகப் பருத்தவளோடு மிக மெலிந்தவளும் இருக்கிறாள். சிதம்பரம் கீழைக் கோபுரத்தின் கரணச் சிற்பங்களில் நாம் பார்ப்பது திரண்ட தொடையும் நிறைந்த இடையும் உள்ள உடல்களை. தஞ்சாவூர் பாலசரஸ்வதியை 1976இல் சத்யஜித் ராய் படம் பிடித்தபோது அவருக்கு வயது 58, உடல் கனத்திருந்தது. அந்த உடலிலிருந்து பிறந்த அபிநயத்துக்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல இன்றும் தயங்குகிறோம்.

பிறகு எது மாறியது? உடைகள் மாறின. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவில், மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணியின் கைத்திறனோடு, புடவையைத் தைத்து உருவாக்கிய ஆடை வழக்கத்துக்கு வந்தது. ஆட்டத்துக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் சுற்றிக் கட்டும் புடவை எந்த உடம்புக்கும் இணங்கும். அளவெடுத்துத் தைத்த ஆடைக்கு உடம்புதான் இணங்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகு சுவரை நிறைக்கும் கண்ணாடிகள் வந்தன, தொலைக்காட்சி வந்தது, இப்போது கைபேசிக் காணொளி வந்திருக்கிறது. ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்து முடிவு செய்யும் காலம் இது.

இதோடு வகுப்பறைப் பேச்சும் சேர்கிறது. ‘கொஞ்சம் வெயிட் போட்டுட்டியே.’ ‘அரங்கேற்றத்துக்குள்ள குறைச்சிடு.’ ‘போன வருஷத்து காஸ்ட்யூம் இப்ப ஏறலையே.’ சொல்பவருக்கு இவை அக்கறை. ஆனால் குருவின் சொல்லை மறுபேச்சில்லாமல் ஏற்கப் பழகிய பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இவை கட்டளை. அவள் அடவைத் திருத்திக்கொள்வது போலவே தட்டையும் திருத்திக்கொள்கிறாள். குரு பாராட்டினால் இன்னும் குறைக்கிறாள். 2023இல் சென்னைக் கலாக்ஷேத்திரா மாணவர்கள் போராடியபோது, பாலியல் தொல்லை பற்றிய புகார்களோடு உடல் தோற்றத்தை இழிவாகப் பேசுவது பற்றிய புகாரும் வெளியே வந்தது. அந்தப் புகாரை யாரும் சிறியதென்று ஒதுக்கக் கூடாது. ஆசிரியரின் அதிகாரத்துக்கு எல்லை இல்லாத இடத்தில் மாணவியின் உடலுக்குப் பாதுகாப்பும் இல்லை.

தட்டு குறைந்தால் ஆட்டம் என்னாகும்

நடனக் கலைஞர்களிடையே உணவுக் கோளாறு பற்றி வந்த 33 ஆய்வுகளை ஜோன் ஆர்செலஸ் குழுவினர் ஒன்றுசேர்த்து 2014இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். நடனக் கலைஞர்களில் 12 விழுக்காட்டினருக்கு இத்தகைய நோய் இருந்தது. பாலே ஆடுபவர்களைத் தனியே பார்த்தால் 16.4 விழுக்காடு. மற்றவர்களைவிட நடனக் கலைஞர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. பாலேயின் கணக்கைப் பரதத்துக்கோ கதக்குக்கோ அப்படியே பொருத்தக் கூடாது. அந்தக் கலையின் உடல் இலட்சியம் வேறு. ஆனால் சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சி, கண்ணாடி, ஆசிரியரின் தீர்ப்பு, வாய்ப்புக்கான போட்டி ஆகிய காரணங்கள் நம்மிடமும் இருக்கின்றன.

உணவு குறையும்போது உடலுக்குள் நடப்பது இப்போது தெளிவாகத் தெரியும். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் வல்லுநர்கள் 2014இல் இந்நிலையை விளையாட்டு வீரர்களின் ஆற்றல் பற்றாக்குறை நோயாக வரையறுத்தார்கள். வரும்படி குறைந்த குடும்பம் எந்தச் செலவை நிறுத்தலாம் என்று பார்ப்பது போல, உடல் தன் வேலைகளில் எதை ஒத்திப்போடலாம் என்று பார்க்கிறது. முதலில் நிற்பது இனப்பெருக்கச் சுழற்சி. மூளையிலிருந்து போக வேண்டிய கட்டளைகள் தணிகின்றன, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மாதவிலக்கு தள்ளிப்போய் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். நம் எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டியது. அந்த வயதில் இழந்ததைப் பிற்காலத்தில் முழுதாக மீட்க முடிவதில்லை. இதயத் துடிப்பு மந்தமாகிறது, குளிர் தாங்குவதில்லை, காயம் ஆறத் தாமதமாகிறது.

இந்த எலும்போடுதான் மாணவி அரைமண்டியில் அமர்ந்து தட்டடவைத் தட்டுகிறாள். கால் வெறுங்கால், தரை பெரும்பாலும் சிமெண்டோ மொசைக்கோ பளிங்கோ. கதக் மாணவிக்கு ஒவ்வொரு காலிலும் நூறுக்கு மேற்பட்ட சலங்கைமணிகளின் பாரமும் சேர்கிறது. முன்னங்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் நுண்முறிவு விழுவதற்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை. அந்த வலியைப் பயிற்சிக் குறை என்றும் சோம்பல் என்றும் எண்ணி இன்னும் ஆட வைப்பவர்கள் உண்டு.

மனத்துக்கு நேர்வதும் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். உடலும் மனமும் திடமான ஆண்கள் அவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்களுடைய எண்ணமெல்லாம் உணவைச் சுற்றியே சுழன்றது. எரிச்சல், சோர்வு, கூட்டத்திலிருந்து ஒதுங்குதல் எல்லாம் வந்தன. உணவு திரும்பிய பிறகும் சிலருக்கு அவை உடனே நீங்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிய வெறித்த சிந்தனை பலவீனமான குணத்தால் வருவதல்ல, பசியின் விளைவாகவே வருவது என்பதற்கு அது ஆதாரம். ஆண்களுக்கும் இது நேரும் என்பதற்கும் அதுவே ஆதாரம். ஆணின் உணவுக் கோளாறு எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதால், ஆடும் பையன்களிடம் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டு பசிகள்

தில்லியில் நடனம் கற்க ஒடிசாவிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பி.ஜி. அறை வாடகை, மெட்ரோ, ஆடை, பக்கவாத்தியக்காரர்களுக்கான பணம் என்று செலவு நாலாபக்கமும் இழுக்கும். மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் குரு–சிஷ்ய பரம்பரைத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும், சிஷ்யருக்கு வயதுக்கேற்ப 2,000 முதல் 10,000 ரூபாய் வரையும் உதவி உண்டு. தலைநகரில் ஓர் இளைஞர் சத்தான மூன்று வேளை உணவோடு வாழ இந்தத் தொகை போதாது. பணத்துக்காக ஒருவேளை உணவைத் தள்ளுகிறவரும், எடைக்காகத் தள்ளுகிறவரும், இரண்டும் கலந்து தள்ளுகிறவரும் ஒரே வகுப்பில் ஆடுகிறார்கள். எலும்புக்கு இந்தக் காரணங்களுக்கிடையே வேறுபாடு தெரியாது.

இளமையில் இப்படி என்றால் முதுமை எப்படி? அறுபது வயதைக் கடந்த, ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாத கலைஞருக்கு அமைச்சகம் மாதம் 6,000 ரூபாய் வரை தருகிறது. 2022 ஏப்ரலில் ஆசியாட் கிராமத்து அரசுக் குடியிருப்பிலிருந்து ஒடிசி குரு மாயாதர் ராவுத் வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 90ஐ ஒட்டி. 1950களின் இறுதியில் கட்டாக்கில் ஒடிசிக்கு இலக்கணம் வகுத்த ‘ஜயந்திகா’ குழுவில் ஒருவர்; தில்லியில் பல தலைமுறைகளுக்குக் கற்பித்தவர். அவருடைய பாத்திர பண்டங்களோடு பத்மஸ்ரீ விருதுப் பத்திரமும் தெருவில் கிடந்த படத்தை நாடே பார்த்தது. ஒதுக்கீட்டுக் காலம் 2014இலேயே முடிந்தது என்பது அரசின் வாதம். உயர் நீதிமன்றமும் கலைஞர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் பதிலாக வேறு எந்த ஏற்பாடு வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கடைசிவரை காப்பாற்றாத தொழிலில் ஒவ்வொரு மேடையும் கடைசி வாய்ப்பாகத் தோன்றும். அந்தப் பயத்தில்தான் கலைஞர்கள் காயத்தை மறைக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் சாப்பிடாததையும் மறைக்கிறார்கள்.

மீட்சிக்கு நம் மரபிலேயே வழி உண்டு

சோனல் மான்சிங் 1974இல் ஜெர்மனியில் கார் விபத்தில் படுகாயமடைந்தார். இனி ஆடுவது அரிது என்ற நிலையில், மாண்ட்ரியலில் பியேர் கிராவல் என்ற எலும்பியக்கச் சிகிச்சையாளரின் உதவியோடு மீண்டு மேடை ஏறினார். 1977இல் தில்லியில் தம் நடன மையத்தை நிறுவினார். அந்த மீட்சியைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் சாப்பிட முடியாமல் போன ஒரு மாணவி மீண்டு வந்தால் அதை வெளியே சொல்ல வீட்டார் அஞ்சுகிறார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும், வாய்ப்பு போய்விடும் என்ற பயம். முதுகெலும்பு முறிவுக்குக் கிடைக்கும் மரியாதை இந்த நோய்க்கும் கிடைக்க வேண்டும்.

மீட்சி நடக்கக்கூடியதே. வளரிளம் பருவத்தினருக்கு இன்று பரிந்துரைக்கப்படும் முதன்மையான முறை, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. பெற்றோரைக் குற்றவாளியாக்காமல் துணையாக்குவது அதன் அடிப்படை. முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்ற பொறுப்பைப் பெற்றோர் ஏற்கிறார்கள். பக்கத்தில் அமர்ந்து உண்ண வைக்கிறார்கள். எடையும் தெம்பும் திரும்பியதும் பொறுப்பு மெல்ல மெல்லப் பிள்ளையிடம் போகிறது. சேர்ந்து உண்ணும் வழக்கம் இன்னும் உயிரோடுள்ள நம் வீடுகளுக்கு இது அந்நியமான முறை அல்ல. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மிக மெலிந்துவிட்டவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தத்தில் உப்புச்சத்துகளின் அளவு சரியும். அதனால் தொடக்கம் மருத்துவரின் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் ஆட்டத்தை நிறுத்த நேரும். மாணவி மிகவும் அஞ்சுவது இதைத்தான். வகுப்பு போனால் தோழிகள், குரு, தன் அடையாளம் எல்லாம் போய்விடும் என்று எண்ணுகிறாள். இங்கே நம் மரபு பெரிய கொடை வைத்திருக்கிறது. பரதத்தில் உட்கார்ந்தபடியே பதம் பிடிக்கலாம், நட்டுவாங்கம் கற்கலாம், சொற்கட்டு சொல்லலாம், தாளமும் பாட்டும் பயிலலாம். கதக்கில் ‘போல்’ என்னும் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் ‘படந்த்’ தனிக்கலை. அமர்ந்தபடியே ஒரு வரிக்குப் பல பாவம் காட்டுவதில் புகழ்பெற்ற சம்பு மகராஜ் கற்பித்தது தில்லியில்தான். ஆக, கால் ஓய்வெடுக்கும் மாதங்களிலும் மாணவி வகுப்பின் உறுப்பினராகவே இருக்க முடியும். கையில் தாளத்தைக் கொடுத்து ‘நீ பக்கத்தில் உட்கார்’ என்று குரு சொன்னால், அதுவே மருந்தின் ஒரு பகுதி. மருத்துவர் இசைந்த பிறகு, நின்று செய்யும் எளிய அடவுகளில் தொடங்கிப் படிப்படியாக முழு ஆட்டத்துக்குத் திரும்பலாம். எவ்வளவு வேகமாக என்பதை எலும்பும் மாதவிலக்கும் சொல்ல வேண்டும். அரங்கேற்றத் தேதி சொல்லக் கூடாது.

தலைநகர் செய்ய வேண்டியது

காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த 2010ஆம் ஆண்டில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் விளையாட்டுக் காய மையம் திறக்கப்பட்டது. ஓடுபவருக்கும் தாண்டுபவருக்கும் மருத்துவரும் உணவு வல்லுநரும் தேவை என்பதை நாடு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. நாள்தோறும் மணிக்கணக்கில் தரையை மிதிக்கும் நடனக் கலைஞர் வேறு அமைச்சகத்தின் கீழ் வருவதால் அவருடைய எலும்பு வேறாகிவிடாது. சங்கீத நாடக அகாதெமியும் எய்ம்ஸும் ஒரே நகரில் இருக்கின்றன. எலும்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் உணவு வல்லுநரும் சேர்ந்து அமரும் நடனக் கலைஞர் சிகிச்சைப் பிரிவு ஒன்றை இரண்டும் இணைந்து தொடங்க வேண்டும்.

அரசின் உதவித்தொகை பெறும் ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று நிபந்தனைகள் போதும். வகுப்பில் எடை பார்ப்பதும் எடையைப் பற்றிப் பேசுவதும் கூடாது. தரை, அதிர்ச்சியைத் தாங்கும் மரத்தளமாக இருக்க வேண்டும். அதற்கான பணத்தை அரசே தர வேண்டும். மாணவர் புகார் சொல்ல, குருவின் கீழ் இல்லாத ஒருவர் இருக்க வேண்டும். சிஷ்யர் உதவித்தொகை, தில்லியில் மூன்று வேளை உண்ணும் அளவுக்கு உயர வேண்டும். மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. கலைஞர்களுக்கான குழுக் காப்பீட்டில் அதைச் செயல்படுத்த வேண்டும்.

சட்டமும் நிதியும் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. குருமார்களே, மெலிந்ததற்காக ஒரு மாணவியைப் பாராட்டாதீர்கள். அவளுடைய பலத்தையும் தாளத்தையும் பாவத்தையும் பாராட்டுங்கள். பெற்றோரே, ‘அப்பவே சாப்பிட்டேன்’ என்ற பதில் அடிக்கடி வந்தால், மூன்று மாதமாக மாதவிலக்கு வராவிட்டால், மயக்கமும் குளிரும் முடி உதிர்வும் சேர்ந்து வந்தால், நிகழ்ச்சி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். ஆடும் பிள்ளைகளே, உங்களுக்குள் இப்படி ஒன்று நடந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. அழைப்புக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.